நாற்பத்தாறு வீடுகளுக்கு ஒரே வாசல்

1999ஆம் ஆண்டு, மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். பிரிக்பீல்ட்ஸில் அடைமழை. எங்கள் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. மழை வலுத்தால் கூரை மூன்று இடங்களில் ஒழுகும். மூன்றுக்கும் வாளி வைத்துவிட்டு உட்காரப் போனபோது, இணையப் பக்கங்கள் இருக்கும் சர்வர் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி நான்காவது இடத்தில் சொட்டத் தொடங்கியது. அதற்கு வாளி தேடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"அண்ணே, எம்பொழப்புல மண்ணு விழுந்துருச்சு," என்றது குரல். கிள்ளான் மங்களா அக்கா.

இத்தனை வருடம் கழித்து, சென்ற மாதம், அந்த அலுவலகத்துப் பிள்ளைகள் ஒரு விருந்துக்கு அழைத்திருந்தார்கள். இப்போது எல்லோரும் பெரிய வேலையில் இருக்கிறார்கள். ஒருவரின் கணினிக் கோப்பை இன்னொருவர் பார்க்காமல் தடுப்பதற்கு இன்று பொத்தானை அழுத்தினால் போதுமாம். "அந்தக் காலத்துல நீங்க எப்படிச் செஞ்சீங்க, அங்கிள்?" என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும், எழுதித் தருகிறேன் என்றேன். ஆகவே எழுதுகிறேன்.

என் படிப்பையும் பழக்கத்தையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளித் தேர்வில் தேறி, ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கணினிக்கான அட்டையில் துளை போடும் வேலைக்குச் சேர்ந்தேன். அட்டை போய் நாடா வந்தது, நாடா போய் வட்டு வந்தது. ஒவ்வொன்றையும் கற்று முடிக்கும்போது அது வழக்கொழியும். ஐம்பது வயதை நெருங்கும்போது அந்த அலுவலகம் ஆள் குறைத்தது. பிறகுதான் பிரிக்பீல்ட்ஸில் இணையப் பக்கங்கள் அமைத்துத் தரும் சிறு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். அங்கே என்னைத் தவிர எல்லோருக்கும் முப்பதுக்குள் வயது. எங்கள் மேலாளர் ஞானசேகரம் சார் மட்டும் விதிவிலக்கு.

ஞானசேகரம் சார் முன்பு வங்கியில் தணிக்கை அதிகாரி. அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்தே இருபது வருடம் சம்பளம் வாங்கியவர். குட்டையான, பருத்த உருவம். மழையோ வெயிலோ கழுத்தில் டை இருக்கும். புதிதாக எதை எழுதினாலும் அவர் சோதிக்காமல் அது வாடிக்கையாளரிடம் போகாது. சோதனைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் கதவைச் சாத்துவார். பிறகு டையின் முடிச்சைத் தளர்த்தி, தலைவழியாகக் கழற்றி, நாற்காலியின் முதுகில் மாட்டுவார். சட்டையின் மேல் பொத்தானைத் திறப்பார்.

"மிஸ்டர் சுப்பையா, இப்ப நான் திருடன்," என்பார்.

அதன் பிறகு அவர் நம் மேலாளர் இல்லை. கணினியின் முன் உட்கார்ந்து, திருடன் என்னென்ன செய்வானோ அத்தனையும் செய்வார். பெயரைத் தப்பாக அடிப்பார். பெயரே இல்லாமல் நுழையப் பார்ப்பார். பெரிய எழுத்தைச் சின்னதாக்குவார். இணைய முகவரியில் இரண்டு புள்ளி வைத்துப் பின்வழியாக ஏறப் பார்ப்பார். இடையில் தேநீர் வந்தால் "திருடனுக்கு வேண்டாம்" என்று மறுத்துவிடுவார். எல்லா வழியும் அடைபட்டதென்று திருப்தியானால்தான் டை மறுபடி கழுத்துக்கு ஏறும். ஒருமுறை ஒரு பூக்கடைக்காரரின் பக்கத்துக்காக இரண்டு நாள் டை இல்லாமலே இருந்தார்.

மங்களா அக்காவுக்கு வருகிறேன். அவர் கிள்ளானில் கல்யாணத் தரகர். எங்கள் மகள் மாலதியின் ஜாதகத்தை என் மனைவி சரோஜா அவரிடம்தான் கொடுத்திருந்தாள். அந்தப் பழக்கத்தில் அவர் எங்கள் நிறுவனத்துக்கு வாடிக்கையாளராக வந்தார். மொத்தம் நாற்பத்தாறு குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சர்வரில் ஒரு கோப்புறை. அதில் அந்த வீட்டுப் பிள்ளையின் படம், ஜாதகம், படிப்பு, சம்பளம், கூடவே அவர்களுக்கென்று அக்கா பார்த்து வைத்த வரன்கள். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்தால் பார்க்கலாம்.

கோப்புறைகளுக்குப் பெயர் வைத்தவர் அக்கா. நம்மவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிச் சொல்வோமோ அப்படியே வைத்தார். பூச்சோங் சின்னையா. ரவாங் ருக்குமணி. கிள்ளான் பெருமாள். பிரிக்பீல்ட்ஸ் சுப்பையா, அது நான்தான். சர்வர் அப்போது ஒன்றை மட்டும்தான் பார்த்தது: வந்தவர் அந்த நாற்பத்தாறு பேரில் ஒருவரா? ஆமாம் என்றால் உள்ளே விட்டுவிடும். அதற்கு மேல் அவர் எந்த வீட்டுக்குள் போகிறார் என்று கேட்காது. நாலு கல்யாணத்துக்குப் போய் வந்த யாருக்கும் மற்ற நாற்பத்தைந்து பெயரும் தெரியும்.

அன்றைக்குத் தொலைபேசியில் அக்கா சொன்னது இதுதான். பூச்சோங் சின்னையா லோரி கம்பெனி வைத்திருப்பவர். அவர் மகளுக்கு ஓர் இன்ஜினியர் மாப்பிள்ளையை "உங்களுக்கு மட்டும்தான் காட்டுறேன்" என்று அக்கா வைத்திருந்தார். சின்னையா சும்மா இருக்காமல் முகவரியில் தன் பெயரை அழித்துவிட்டு வேறு பெயர்களை அடித்துப் பார்த்திருக்கிறார். அதே இன்ஜினியர், அதே நீலச் சட்டையில், ஐந்து வீடுகளில் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"கோயில்ல வெச்சு மானத்த வாங்கிருவேங்குறாரு, அண்ணே. அவங்கவங்க வீட்ட அவங்கவங்க மட்டும் பாக்குற மாதிரி சுவர் கட்டுங்க லா. இன்னிக்கே."

ஞானசேகரம் சாரிடம் சொன்னேன். என் மகளின் கோப்பும் அங்கே இருப்பதை முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். வேலைக்கு அவசியமில்லாமல் அக்காவின் கோப்பு எதையும், என் வீட்டுடையது உட்பட, அலுவலகத்திலிருந்து திறப்பதில்லை என்று அப்போதே வாக்கு வாங்கியிருந்தார். "அந்த வாக்கு இப்பவும் இருக்கில்ல?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப கட்டுங்க."

நாற்பத்தாறு கோப்புறைக்கும் தனித்தனிப் பூட்டு என்பது ஒரு வழி. ஆனால் அக்கா வாரத்துக்கு ஒரு குடும்பம் சேர்ப்பார், ஒன்றை நீக்குவார். அதற்கு நான் பூட்டுக்கடைதான் வைக்க வேண்டும். ஆகவே முகவரியை மாற்றியெழுதும் விதி ஒன்றை எழுதத் தீர்மானித்தேன். எல்லோரும் "வீடு" என்ற ஒரே முகவரிக்கு வரட்டும். வந்தவர் யாரென்று சர்வருக்குத் தெரியும் அல்லவா, அந்தப் பெயரை அதுவே உள்ளே சேர்த்து அவருடைய கோப்புறையைத் திறக்கட்டும். சின்னையா வந்தால் வீடு என்பது சின்னையா வீடு. பெருமாள் வந்தால் பெருமாள் வீடு. சின்னையா வேறு யாருடைய பெயரை அடித்தாலும் அது சின்னையா வீட்டுக்குள்தான் தேடப்படும், அங்கே அப்படி ஒன்று இருக்காது. ஒரே வரி. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாள் கதவு சாத்தப்பட்டது. டை கழன்றது. திருடன் சின்னையாவின் பெயரில் நுழைந்தான்.

"மிஸ்டர் சுப்பையா, நேத்துவரை திருடன் ஒவ்வொரு பேரா யோசிச்சு அடிக்கணும், இல்லையா?"

"ஆமா, சார்."

"இப்ப அந்தக் கஷ்டம் இல்ல. நாப்பத்தாறு பேரையும் வரிசையாப் போட்டுக் குடுத்துட்டீங்க."

எட்டிப் பார்த்தேன். திரையில் எல்லாக் கோப்புறைகளின் பெயரும் அகர வரிசையில் நின்றன. வீட்டைப் பூட்டப் போய்த் தெருவையே திறந்து வைத்திருந்தேன்.

காரணம் புரிய அன்று மாலை வரை ஆயிற்று. சர்வரைக் கல்யாண மண்டபமாக நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் முதலில் நிற்பவர் வழி காட்டுபவர். அவரைத் தாண்டிய பிறகுதான் பெயர் கேட்பவர் உட்கார்ந்திருப்பார். நான் என் விதியை முதல் ஆளின் கையில் கொடுத்திருந்தேன். "வந்தவரின் பெயருள்ள அறைக்கு அனுப்பு" என்றால், அவருக்குப் பெயர் இன்னும் தெரியாதே. பெயர் வெறுமையாக இருந்தது. வெறும் பெயருக்கு அறை கிடையாது, அறைகளெல்லாம் வரிசையாகத் தெரியும் நடைதான் உண்டு. வந்தவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

விதியை எடுத்து, பெயர் கேட்பவருக்குப் பின்னால், கோப்புறைகள் இருக்கும் இடத்துக்கு உள்ளேயே வைத்தேன். கோப்புறைகளின் வரிசையைக் காட்டும் வசதியை அணைத்தேன். சார் இன்னொரு வரியையும் சேர்க்கச் சொன்னார், அதுவும் எல்லாவற்றுக்கும் முதல் வரியாக: பெயர் வெறுமையாக இருந்தால் எதுவும் செய்யாதே, கதவைச் சாத்து. "பேர் இல்லாதவனுக்கு வழி காட்டுனா இப்படித்தான்," என்றார். திருடன் மறுபடி உட்கார்ந்தான். பதினேழு வழிகளில் முயன்றான். பதினேழாவது என்னவென்று எனக்கே இன்றுவரை சரியாக விளங்கவில்லை. கடைசியில் டை கழுத்துக்கு ஏறியது. வெள்ளிக்கிழமை காலை சுவர் எழும்பியது. சின்னையா தன் வீட்டுக்குள் அடங்கினார். அக்கா தொலைபேசியில் என்னைத் தெய்வம் என்றார்.

அந்தப் பதவி எனக்கு அன்று இரவுச் சாப்பாடு வரைதான் நீடித்தது.

"ஏங்க, அந்த ரவாங் பையன் படம் வரமாட்டேங்குது," என்றாள் சரோஜா, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

"எந்த ரவாங் பையன்?"

"ருக்குமணி அம்மா மகன். ஃபார்மசிஸ்ட். ஜோகூர்ல வேலை."

"அவங்க ஃபோல்டர நீ எப்படிப் பாத்த?"

"பேர அடிச்சா வந்துச்சு. எல்லாரும்தான் பாக்குறாங்க. நல்ல பையன், சிரிச்ச முகம். மங்களா அக்காகிட்ட கேட்டேன். நம்ம மாலதி ரெண்டு இஞ்ச் உசரமாம், ஒத்துவராதுன்னு நம்ம ஃபோல்டர்ல போட மாட்டேன்னுட்டாங்க. சரி, நாமளே எப்படியாவது பேசிப் பாப்போம்னு தினம் ஒருதரம் அந்தப் பையனப் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு எத அடிச்சாலும் அப்படி ஒண்ணு இல்லேன்னே வருது. உங்க ஆபீஸ்ல எவனோ பூட்டிட்டான் போல."

"நான்தான் பூட்டினேன்."

கரண்டி பாத்திரத்துக்குள் போயிற்று.

"மாலதிக்கு இருபத்தெட்டு முடியப் போகுது. ஊரே தொறந்து வெச்சிருந்த கதவ, பெத்த அப்பா போயி மெனக்கெட்டுப் பூட்டிட்டு வந்திருக்கீங்க."

மாலதி பள்ளி ஆசிரியை. தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல், "அப்பா செஞ்சதுதான் சரி, மா," என்றாள். அவள் எந்தப் பக்கம் பேசுகிறாள் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. ஆனால் அவளும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள் என்பது சரோஜாவின் பார்வையில் தெரிந்தது. மாலதி ஏழெட்டு வரன் வந்து போனவள். ஒவ்வொரு முறையும் உயரம்தான் காரணம். ஒரு முகத்தை அவளாக இரண்டாம் முறை பார்த்தது இதுதான் முதல் தடவை என்று சரோஜா பிறகு சொன்னாள்.

மூன்றாவது வாரம் மங்களா அக்கா மறுபடி அழைத்தார். குரலில் தெய்வம் இல்லை.

"அண்ணே, ஒரு வரனும் அசைய மாட்டேங்குது. முன்னெல்லாம் ஒருத்தரு பாக்குற மாப்பிள்ளய இன்னொருத்தரு பாத்துட்டு, எனக்கும் அதுதான் வேணும்னு ஓடியாருவாங்க. இப்ப அவங்கவங்க வீட்ல உள்ள மூணப் பாத்துட்டு, அக்கா வேற இல்லியான்னு கேக்குறாங்க. சுவத்துல ஒரு ஓட்ட போடுங்க லா. சின்னதா."

"எவ்வளவு சின்னதா?"

"பாக்குறது யாருக்கும் தெரியாத அளவுக்கு."

சாரிடம் சொன்னேன். "ஓட்டைல சின்னது பெருசுன்னு கிடையாது," என்றார். "நாப்பத்தாறு பேரு நம்மள நம்பி சம்பளத்தையும் ஜாதகத்தையும் குடுத்திருக்காங்க. முடியாதுன்னு சொல்லுங்க." சொன்னேன். அக்கா வேறு கம்பெனி பார்ப்பேன் என்றார். வீட்டில் சரோஜாவும் ஏறக்குறைய அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை, அரை நாள் வேலை. மறுபடி மழை. நனைந்த குடையோடு ஓர் அம்மாள் படியேறி வந்தார். கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் ரவாங்கிலிருந்து வருவதாகச் சொல்லி, நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார்.

"மங்களா அக்கா கம்ப்யூட்டர் இங்கதான் இருக்கா, அண்ணே? அதுல ஒரு பொண்ணு படம் காணாமப் போச்சு."

"காணாமப் போகலம்மா. இப்ப உங்க ஃபோல்டர்ல இருக்கறது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும்."

"அது தெரியும். எனக்கு வேண்டியது பிரிக்பீல்ட்ஸ் சுப்பையா வீட்டுப் பொண்ணு."

என் மேசையில் ஒரு படச்சட்டம் இருந்தது. மாலதி ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கும் படம். முகம் என்னைப் பார்த்தும், முதுகு அந்த அம்மாளைப் பார்த்தும் இருந்தது. இருவருக்கும் நடுவே ஒரு சாண்.

"போன மாசம் நான் பாத்தேன்," என்றார். "நல்ல லட்சணம். எம்மகன் லீவுல வந்தப்ப காட்டலாம்னு பாத்தா, பூட்டிட்டாங்க. படம் பாக்காம பதில் சொல்ல மாட்டேங்குறான். அக்காகிட்ட கேட்டா, உங்க மகன் உசரம் பத்தாதுங்குறாங்க. எம்மகன் உசரம் எனக்குத் தெரியாதா? பொண்ணு உசரமா இருந்தா பரண்ல உள்ளத எடுக்கும். ஒருதரம் தொறந்து காட்டுங்க, ஒரு பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போயிடுறேன்."

"அடுத்தவங்க கோப்பைக் காட்ட அனுமதி இல்லம்மா."

"இங்கதானே பிரிக்பீல்ட்ஸ். அந்த சுப்பையாவ உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"எப்படி, நல்ல குடும்பமா?"

"சுமாரா இருக்கும்."

"குடி?"

"இல்ல."

"கஞ்சன்னு சொல்றாங்க."

"யாரு சொன்னது?" என்றேன். பிறகு, "கணக்குப் பாக்குறவர்னு வேணா சொல்லலாம்," என்றேன்.

நான்தான் சுப்பையா என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொன்னால் காட்டச் சொல்வார். காட்டினால் வாக்குப் போகும். சொல்லாமல் அனுப்பினால் அடுத்த ரயிலில் என் மகளின் வாழ்க்கை ரவாங்குக்குத் திரும்பிப் போய்விடும். அந்த நேரம் பார்த்து உள்ளறைக் கதவு திறந்தது.

"மிஸ்டர் சுப்பையா, அந்த நாலாவது வாளி எங்க?"

அந்த அம்மாள் சாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நிதானமாகக் குடையை மடக்கிக் கீழே வைத்தார்.

"சுமாரான குடும்பமா?" என்றார்.

"நான்தாம்மா சுப்பையா."

"அப்ப என்ன அண்ணே அனுமதி? உங்க பொண்ணு, உங்க ஃபோல்டர். காட்டுங்க."

"இந்த நாற்காலில உக்காந்திருக்குற வரைக்கும் அது எனக்கும் அடுத்தவங்க கோப்புதாம்மா," என்றேன். சாரிடம் விஷயத்தை மூன்று வாக்கியத்தில் சொன்னேன்.

நான்காவது இடத்தில் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய் டையின் முடிச்சைத் தளர்த்தினார். சோதனை எதுவும் இல்லாமல் அவர் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

"கோப்பைக் காட்டக்கூடாது. அதுல மாற்றம் இல்ல," என்றார். படச்சட்டத்தை விரலால் சுட்டினார். "இது கோப்பா?"

"இல்ல, சார்."

"சர்வர்ல இருக்கா?"

"இல்ல, சார்."

"இதை இங்க வெச்சது யாரு?"

"நான்தான்."

"வெச்சவரு திருப்பி வைக்கறதுக்கு ஆபீஸ்ல விதி ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு, டையை இறுக்கிக்கொண்டு, வாளியைத் தேடப் போய்விட்டார்.

நான் சட்டத்தைத் திருப்பினேன். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஆமா, இந்தப் பொண்ணுதான்," என்றார். மகனிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று, நான் வாயைத் திறப்பதற்குள், சட்டத்தோடு பைக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை சார் என்னை அழைத்து ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். வீடு என்ற முகவரி அப்படியே இருக்கட்டும், அது அவரவருக்கு மட்டும். அதற்கு வெளியே "மண்டபம்" என்று இன்னொரு முகவரி. பெயர் சொல்லி நுழைந்த எல்லோரும் அங்கே பார்க்கலாம். ஆனால் அங்கே எதை வைப்பது என்பதை அந்தந்த வீட்டுக்காரர்தான் முடிவு செய்வார். அக்கா வைக்கக்கூடாது, நாமும் வைக்கக்கூடாது. இரண்டாவது விதி எழுத எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. திருடனுக்கும் அன்று அதிக வேலையில்லை. பத்து நாளில் நாற்பத்தைந்து வீட்டுப் படமும் மண்டபத்துக்கு வந்துவிட்டது. பூச்சோங் சின்னையா மட்டும் கௌரவம் பார்த்தார். பிறகு அவரும், தம் லோரிகள் பின்னால் தெரியும்படி மகளை நிற்கவைத்து எடுத்த படத்தோடு வந்து சேர்ந்தார்.

மாலதிக்கும் அந்த ரவாங் பையனுக்கும் ஆவணியில் கல்யாணம். இரண்டு அங்குலம் உண்மைதான். மணவறையில் உட்கார்ந்திருக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. வலம் வரும்போது தெரிந்தது, அதற்குள் தாலி கட்டி முடித்திருந்தார்கள். ஞானசேகரம் சார் டையோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மங்களா அக்கா விருந்து முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பொண்ணும் பையனும் அவருடைய கோப்புறைகளில் இருந்தவர்கள், முதலில் பார்த்துக்கொண்டதும் சுவருக்கு முன்னால், ஆகவே தரகு தம்முடையது என்றார். ஒப்புக்கொண்டேன். "அப்புறம் அண்ணே, உங்க கம்பெனி அனுப்புன பில்லு ரெண்டு எங்கிட்ட இருக்கு. சுவத்துக்கு ஒண்ணு, மண்டபத்துக்கு ஒண்ணு. ரெண்டுலயும் பலன் மொதல்ல உங்களுக்குத்தானே வந்துச்சு. அதையும் நீங்களே பாத்துக்குங்க லா." சரோஜா பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

தரகு ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி. சுவர் நானூற்று ஐம்பது. மண்டபம் முந்நூறு. படச்சட்டம் இன்றுவரை ரவாங்கிலிருந்து திரும்பவில்லை, அது பன்னிரண்டு வெள்ளி தொண்ணூறு காசு. கல்யாணச் செலவு நீங்கலாக, அந்த ஒரு வரி விதி எனக்கு வைத்த செலவு, இரண்டாயிரத்து இருநூற்று அறுபத்திரண்டு வெள்ளி தொண்ணூறு காசு.